கால்பந்து பொசிஷன்களையும் உத்திச் சொற்களையும் வரையறுப்பது எப்படி? வாதம் செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கால்பந்து விதிப்புத்தகத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கும் பொசிஷன் ஒன்றே ஒன்றுதான்: கோல்கீப்பர். அணிக்கு அதிகபட்சம் 11 பேர், அவர்களில் ஒருவர் கோல்கீப்பராக இருக்க வேண்டும் என்பதோடு மூன்றாம் விதி அந்தப் பேச்சை முடித்துக்கொள்கிறது. ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்க முன்னால் நிற்பவர்), விங்கர் (ஓரத்திலிருந்து தாக்குபவர்), சென்டர்பேக் (பின்வரிசையின் நடுவில் காப்பவர்), ‘ஆறு’, ‘பத்து’, ஃபால்ஸ் நைன் எல்லாம் பயிற்சியாளர்களும் வர்ணனையாளர்களும் ரசிகர்களும் அவரவர் வசதிக்கு வைத்துக்கொண்ட பெயர்கள். அதனால் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆளில்லை, வாய்ச்சண்டைக்கும் குறைவில்லை.

“அவர் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரே கிடையாது”, “இது 4-3-3 இல்லை, 4-2-3-1” என்று மணிக்கணக்கில் ஓடும் வாதங்களைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுப்பாருங்கள். (4-3-3 போன்ற எண்கள், கோல்கீப்பரை விட்டுவிட்டுப் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பேர் என்ற கணக்கு.) பெரும்பாலும் இரு தரப்பும் ஆட்டத்தைச் சரியாகவே பார்த்திருக்கும். ஒருவர், பந்து தன் அணியிடம் இருந்தபோது அந்த ஆட்டக்காரர் எங்கே நின்றார் என்று பேசுகிறார். மற்றவர், பந்து பறிபோன பிறகு எங்கே நின்றார் என்று பேசுகிறார். இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பது இருவருக்கும் தெரிவதில்லை.

ஒரு சொல்லை எப்படி வரையறுப்பது, பிறகு அதை எப்படிச் சோதிப்பது என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். எல்லாப் படிக்கும் ஒரே எடை கிடையாது. இரண்டாம் படியை மட்டும் கைக்கொண்டாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

படி 1: இடமா, வேலையா, ஆளா?

முதலில் அந்தச் சொல் எதற்கு வைத்த பெயர் என்று பாருங்கள். மைதானத்தில் ஓர் இடத்துக்கா, அங்கே செய்ய வேண்டிய வேலைக்கா, ஒரு வகை ஆட்டக்காரருக்கா?

லெஃப்ட்பேக், சென்டர்பேக் எல்லாம் இடப்பெயர்கள். பிளேமேக்கர் (தாக்குதலை உருவாக்கித் தருபவர்), ரெஜிஸ்டா (பின்னாலிருந்து பாஸ்களால் ஆட்டத்தை நடத்துபவர்) எல்லாம் வேலைப்பெயர்கள். மூன்றாவது வகைக்கு நல்ல உதாரணம் ரௌம்டாய்ட்டர். காலி இடத்தைக் கண்டுபிடித்து அங்கே போய் நிற்பவர் என்ற பொருளில் ஜெர்மன் ஆட்டக்காரர் தாமஸ் முல்லர் 2011-இல் ஒரு பேட்டியில் தன்னைப் பற்றித் தானே சொன்ன சொல் அது. பிறகு வீடியோ கேம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் முல்லரைத் தவிர வேறு யாருக்கும் அது முழுசாகப் பொருந்தியதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஆளுக்கு மட்டும் பொருந்தும் பெயரைப் பொசிஷன் என்று சொல்வதில் பயனில்லை. அதைப் பட்டப்பெயர் என்று விட்டுவிடலாம்.

இந்த மூன்றையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலிய மிட்ஃபீல்டர் ஆந்த்ரேயா பிர்லோ போதும். பத்தாம் எண் ஆட்டக்காரராக, அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று தாக்குதலை உருவாக்குபவராக, வளர்ந்தவர் அவர். 2001-இல் பிரேஷா அணியில் பயிற்சியாளர் கார்லோ மாஸோனே அவரைத் தடுப்பு வரிசைக்கு முன்னால் இழுத்து நிறுத்தினார்; ஏசி மிலனில் கார்லோ ஆஞ்சலோட்டி அதை நிலையாக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் செல்சியில் க்ளோட் மகலெலே நின்ற இடமும் ஏறக்குறைய அதுதான். வேலையைப் பாருங்கள். மகலெலே எதிரணியின் பாதையை மறிப்பார், பந்தைப் பறிப்பார், பக்கத்தில் இருப்பவருக்கு எளிமையாகக் கொடுத்துவிட்டு மறுபடி காவலுக்குப் போய்விடுவார். பிர்லோ அதே இடத்திலிருந்து நீண்ட பாஸ்களால் தாக்குதலைத் தொடங்கிவைப்பார். ஓடிப் பறிக்கும் வேலையைப் பெரும்பாலும் பக்கத்தில் நின்ற ஜென்னாரோ கட்டூசோ பார்த்துக்கொண்டார். ஆக, “பிர்லோ டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரா?” என்ற கேள்விக்கு இடத்தைக் கேட்டால் ஆம், வேலையைக் கேட்டால் இல்லை. இரண்டு பதிலும் செல்லும்.

பட்டியலை யார், எதற்காகப் போட்டார்கள் என்பதையும் இந்தப் படியிலேயே கேட்டுவிடுங்கள். உலகக் கோப்பை அணிப் பட்டியலில் மொத்தமே நான்கு வகைதான்: கோல்கீப்பர், டிஃபெண்டர், மிட்ஃபீல்டர், ஃபார்வர்டு. நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்துப் புள்ளி சேர்க்கும் ஃபேன்டசி பிரீமியர் லீக் விளையாட்டில், கோல் அடிக்கும் விங்கரான முகமது சாலா பல சீசன்களில் மிட்ஃபீல்டராகவே இருந்தார். அங்கே மிட்ஃபீல்டர் கோலுக்கு 5 புள்ளி, ஃபார்வர்டு கோலுக்கு 4. அது ஒரு விளையாட்டைச் சுவாரசியமாக வைத்திருக்கப் போட்ட வகைப்பாடு. அதைக் காட்டி “சாலா மிட்ஃபீல்டர்தான், பார்” என்று வாதாட வந்தால் வந்தவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

படி 2: எந்தக் கட்டத்தில்?

ஓர் அணி ஒரே ஆட்டத்தில் குறைந்தது இரண்டு வடிவம் எடுக்கிறது. பந்து தன்னிடம் இருக்கும்போது ஒன்று, எதிரணியிடம் இருக்கும்போது ஒன்று. இடையில் இரண்டு மாறுதல்கள் உண்டு: பந்தை இழந்த அடுத்த சில நொடிகள், பந்தைப் பறித்த அடுத்த சில நொடிகள். கார்னர், ஃப்ரீகிக் போல நின்ற பந்தை உதைத்துத் தொடங்கும் செட்-பீஸ்கள் தனிக் கணக்கு.

2016-17-இல் பிரீமியர் லீக்கை வென்ற செல்சியை எடுத்துக்கொள்வோம். பயிற்சியாளர் அன்டோனியோ கோன்டே. அணித்தாளில் 3-4-3. அதுவரை விங்கராக அறியப்பட்ட விக்டர் மோசஸ் வலது விங்பேக் (ஓரம் முழுக்க மேலும் கீழும் ஓடிக் காப்பையும் தாக்குதலையும் பார்ப்பவர்), இடதுபக்கம் மார்கோஸ் அலோன்சோ. பந்து வசத்தில் இருக்கும்போது இவர்கள் இருவரும் எல்லைக்கோட்டை ஒட்டி ஏறிப்போவார்கள். முன்னால் இருக்கும் மூவரோடு சேர்ந்து முன்வரிசையில் ஐந்து பேர் ஆகிவிடும். அது 3-2-5. பந்து போனதும் இருவரும் இறங்கி மூன்று சென்டர்பேக்குகளுக்கு இருபுறமும் நிற்பார்கள், பக்கவாட்டு ஃபார்வர்டுகள் நடுகளத்துக்கு வருவார்கள். அது 5-4-1. பின்வரிசையில் மூவரா ஐவரா என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பந்து யாரிடம் இருக்கிறது?

இன்னும் சிக்கலான உதாரணம், 2023 ஜூன் 10 அன்று இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி. மான்செஸ்டர் சிட்டி இன்டர் மிலனை 1-0 என்று வென்ற ஆட்டம். அணித்தாளில் ஜான் ஸ்டோன்ஸ் டிஃபெண்டர். பந்து சிட்டியிடம் வந்ததும் அவர் ரோட்ரி நிற்கும் நடுகளத்துக்குப் போய்விட்டார், சில நேரம் அவரையும் தாண்டி முன்னால் நின்றார். ‘சென்டர்பேக் மிட்ஃபீல்டராக ஆடினார்’ என்ற வாக்கியத்தில் தவறில்லை, ஆனால் முழுமையில்லை. ‘பந்து இல்லாதபோது டிஃபெண்டர், பந்து இருக்கும்போது மிட்ஃபீல்டர்’ என்று எழுதிவிட்டால் சண்டைக்கு வேலையே இல்லை.

கட்டத்துக்குள்ளும் உட்கட்டம் உண்டு. சொந்த கோல் பக்கத்தில் ஆட்டத்தைக் கட்டியெழுப்புவது ஒன்று, எதிரணி பெனால்ட்டி பகுதிக்கு வெளியே முற்றுகையிட்டு நிற்பது வேறு. 2019-இல் கோல்கிக் (தாக்கும் அணி கடைசியாகத் தொட்ட பந்து கோல்கோட்டைத் தாண்டி வெளியே போனால் காக்கும் அணி எடுக்கும் உதை) விதி மாறியது. அதற்கு முன் பந்து பெனால்ட்டி பகுதியைத் தாண்டிய பிறகுதான் சக ஆட்டக்காரர் தொடலாம். அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. இப்போது இரண்டு சென்டர்பேக்குகள் கோல்கீப்பருக்கு இருபுறமும் பெனால்ட்டி பகுதிக்குள்ளேயே நிற்கிறார்கள், கோல்கீப்பர் மூன்றாவது பின்வரிசை ஆட்டக்காரர் மாதிரி பாஸ் கொடுக்கிறார். அந்த நொடியின் வடிவத்தைப் படம் எடுத்து, ‘இந்த அணியின் ஃபார்மேஷன் இதுதான்’ என்று அம்புக்குறி போட்டுக் காட்டுபவர்கள் நிறைய. அது கோல்கிக் ஃபார்மேஷன், அவ்வளவுதான்.

பந்து யாருக்கும் சொந்தமில்லாத நேரமும் இருக்கிறது. 2022 உலகக் கோப்பையில் ஃபிஃபா வெளியிட்ட பந்து வச விகிதத்தில் இரு அணிகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பங்கு இருந்தது: இரு அணிகளும் பந்துக்கு மல்லாடிக்கொண்டிருக்கும் நேரம். இரு அணிகளின் விகிதத்தை மட்டும் கூட்டினால் நூறு வராது. எனக்கு அது நல்ல மாற்றமாகவே பட்டது.

படி 3: எண் சொன்னால், எந்த நாட்டு எண்?

‘ஆறு’, ‘எட்டு’, ‘பத்து’ என்று எண்ணில் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. சுருக்கமாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் எண்ணுக்கும் இடத்துக்கும் உள்ள உறவு நாட்டுக்கு நாடு மாறும்.

காரணம் பழைய 2-3-5. அந்த வரிசையில் 2, 3 பின்வரிசையின் ஃபுல்பேக்குகள். 4, 5, 6 நடுவில் ஹாஃப்பேக்குகள். 7 முதல் 11 வரை ஃபார்வர்டுகள். 1925-இல் ஆஃப்சைடு விதி தளர்ந்தது. அதற்கு முன் ஃபார்வர்டுக்கும் கோல்கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். பிறகு இருவர் போதும் என்றானது. கோல்கள் கொட்ட ஆரம்பிக்க, ஹெர்பர்ட் சாப்மனின் ஆர்சனல் போன்ற இங்கிலாந்து அணிகள் நடு ஹாஃப்பேக்கான ‘ஐந்தை’ பின்வரிசைக்கு இறக்கின. அதனால்தான் பின்வரிசையில் நிற்பவரை இங்கிலாந்தில் இன்றும் சென்டர்-ஹாஃப் என்கிறார்கள். பின்னாளில் ‘ஆறு’ம் இறங்கி ஐந்துக்குப் பக்கத்தில் நின்றது, ‘நான்கு’ நடுகளத்தில் தங்கியது.

அர்ஜென்டினாவில் கதை வேறு. அங்கே ‘ஐந்து’ நடுகளத்தை விட்டு நகரவேயில்லை. பக்கவாட்டு ஹாஃப்பேக்குகள் இறங்கினார்கள்: ‘நான்கு’ ரைட்பேக், ‘ஆறு’ சென்டர்பேக், கூடவே ‘இரண்டு’ம் நடுவுக்கு வந்தது. ஆக, தடுப்பு வரிசைக்கு முன்னால் நிற்கும் ஒரே வேலைக்கு புவெனஸ் ஐரஸில் 5, ஜெர்மனியில் 6. யோஹான் கிரைஃப் பயிற்சியளித்த பார்சிலோனாவில் அது 4. பின்னாளில் அதே அணிக்குப் பயிற்சியாளரான பெப் கார்டியோலா ஆடியது அந்த 4-ஆகத்தான். பிரேசிலில் லெஃப்ட்பேக்கே 6-ஆம் எண் போடுவார்.

ஓர் அர்ஜென்டினா ரசிகர் ‘எங்களுக்கு நல்ல ஐந்து இல்லை’ என்றால் அவர் சென்டர்பேக்கைத் தேடவில்லை. எண்ணில் வாதாடும்போது யாருடைய கணக்கு என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. முதுகில் இருக்கும் எண்ணை ஆதாரமாகக் காட்டுவதோ முழு வீண்; நிரந்தர எண்கள் வந்த பிறகு யாரும் எதையும் போட்டுக்கொள்கிறார்கள்.

படி 4: எதை வைத்து அளக்கிறீர்கள்?

சில சொற்கள் துல்லியமானவை போலத் தெரியும். நெருங்கிப் பார்த்தால் ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருப்பார்கள்.

ஹாஃப்-ஸ்பேஸ் அப்படி ஒன்று. மைதானத்தை நீளவாக்கில் ஐந்து பட்டைகளாகப் பிரித்தால், நடுப்பட்டைக்கும் ஓரப்பட்டைக்கும் இடையே வருவது ஹாஃப்-ஸ்பேஸ். ஜெர்மன் பயிற்சியாளர் வட்டாரத்திலிருந்து பரவிய கருத்து. இதுவரை தகராறில்லை. பட்டையின் அகலம் எவ்வளவு என்று கேட்டதும்தான் பிரச்சினை. 68 மீட்டர் அகல மைதானத்தைச் சரிசமமாக ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 13.6 மீட்டர். தரையில் ஏற்கெனவே இருக்கும் கோடுகளை நீட்டிப் பிரிப்பவர்களும் உண்டு. பெனால்ட்டி பகுதியின் அகலம் 40.32 மீட்டர், கோல் பகுதியின் அகலம் 18.32 மீட்டர். அந்தக் கணக்கில் ஓரப்பட்டை 13.84, ஹாஃப்-ஸ்பேஸ் வெறும் 11, நடுப்பட்டை 18.32 மீட்டர். ‘அவர் ஹாஃப்-ஸ்பேஸில் இத்தனை முறை பந்தைப் பெற்றார்’ என்ற கணக்கு, நீங்கள் எந்தக் கோட்டைப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்து மாறிவிடும்.

தரையில் கோடு போடுவதே தவறு என்பவர்களும் இருக்கிறார்கள். எதிரணிப் பின்வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஃபுல்பேக்குக்கும் சென்டர்பேக்குக்கும் இடையே திறக்கும் வெளிதான் முக்கியம், எதிரணி நகரும்போது அதுவும் நகரும் என்பது அவர்கள் கட்சி. பயிற்சி மைதானத்தில் கற்றுக்கொடுக்க முதல் வரையறை வசதி. ஆட்டத்தை விளக்க இரண்டாவதுதான் உதவும் என்பது என் எண்ணம். இரண்டையும் கலந்து பேசாதவரை எதையும் வைத்துக்கொள்ளலாம்.

லோ பிளாக், மிட் பிளாக், ஹை பிளாக் என்ற மூன்றும் இதே ரகம். அணி எவ்வளவு பின்வாங்கி நிற்கிறது என்று சொல்ல வந்த சொற்கள். எதிலிருந்து அளப்பது? முதல் ஆள் எதிரணியை நெருக்கத் தொடங்கும் இடத்திலிருந்தா, கடைசி வரிசை நிற்கும் இடத்திலிருந்தா? ஒழுங்காகச் சேர்ந்து நகரும் அணியில் இரண்டும் ஒரே பதிலைத் தரும். ஸ்ட்ரைக்கர் தனியாக எதிரணி சென்டர்பேக்கைத் துரத்திக்கொண்டிருக்க, பின்வரிசை சொந்த பெனால்ட்டி பகுதியில் நிற்கிறது என்றால் அது ஹையும் இல்லை, லோவும் இல்லை. அணி இரண்டாகப் பிய்ந்து கிடக்கிறது. அதற்கு ஒரு பிளாக் பெயர் சூட்டுவதைவிடப் பிய்ந்திருக்கிறது என்று எழுதுவதே நேர்மை.

படி 5: நிபந்தனைகளை எழுதுங்கள், பிறகு ஆட்களைக் கொண்டு உடைத்துப் பாருங்கள்

வரையறை என்றால் ‘இன்னின்னது நடந்தால்தான் இந்தப் பெயர்’ என்று சொல்ல முடிய வேண்டும். ஃபால்ஸ் நைனை, அதாவது 9 என்ற நடு ஸ்ட்ரைக்கர் இடத்தில் ஆடியும் அங்கே தங்காத ‘போலி ஒன்பதை’, எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம், ஏனென்றால் இந்த அளவுக்குக் கண்டபடி பயன்படும் சொல் வேறு இல்லை.

2009 மே 2, ரியல் மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானம். பார்சிலோனா பயிற்சியாளர் கார்டியோலா வலது ஓரத்தில் ஆடிவந்த மெஸ்ஸியை நடுவுக்கும், ஸ்ட்ரைக்கர் சாமுவேல் எடோவை வலது ஓரத்துக்கும் மாற்றினார். ரியல் மாட்ரிட்டின் நடுவில் கன்னவாரோவும் மெட்செல்டரும். மெஸ்ஸி அவர்கள் பக்கத்தில் நிற்கவில்லை. இறங்கி இறங்கி சாவி, இனியெஸ்டா பக்கம் வந்தார். அவரைப் பின்தொடர்ந்து ஒரு சென்டர்பேக் வெளியே வந்தால் முதுகுக்குப் பின்னால் இடம் திறக்கும், ஓரத்திலிருந்து ஆன்றியோ எடோவோ உள்ளே பாய்வார்கள். பின்தொடராமல் நின்றால் நடுகளத்தில் பார்சிலோனாவுக்கு ஓர் ஆள் கூடுதல், அதுவும் மெஸ்ஸி. எதைச் செய்தாலும் தப்பு. பார்சிலோனா 6-2 என்று வென்றது.

இதே தர்மசங்கடத்தில் 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளியில் இங்கிலாந்தின் ஹாரி ஜான்ஸ்டன் மாட்டியிருந்தார். ஹங்கேரியின் 9-ஆம் எண் நாந்தோர் ஹிடெக்குடி முன்னால் நிற்காமல் நடுகளத்துக்கு இறங்கிக்கொண்டே இருந்தார். எதிரணியின் 9-ஐக் காவல் காப்பதுதான் அந்நாளைய சென்டர்-ஹாஃபின் வேலை. 9-ஏ அங்கே இல்லையென்றால் யாரைக் காப்பது? ஹங்கேரி 6-3 என்று வென்றது, ஹிடெக்குடிக்கு மூன்று கோல். அன்று ஃபால்ஸ் நைன் என்ற பெயரெல்லாம் புழக்கத்தில் இல்லை. அதற்கும் முன்பே, 1930-களின் ஆஸ்திரிய அணியில் மத்தியாஸ் சிண்டெலார் இப்படி இறங்கி ஆடியவர்.

இந்த ஆட்டங்களிலிருந்து நான் எடுக்கும் நிபந்தனைகள் மூன்று. அணியின் நடு ஃபார்வர்டு இடம் அவருடையதாக இருக்க வேண்டும். ஆட்டம் நிலைகொண்டிருக்கும்போது அந்த இடத்தை விட்டு அவர் தொடர்ந்து இறங்க வேண்டும். அவர் விட்டுப்போன இடத்தை வேறு ஒருவர் ஓடிப் பயன்படுத்த வேண்டும். மூன்றாவதுதான் பலர் மறப்பது. அது இல்லையென்றால் அந்த அணியில் ஸ்ட்ரைக்கர் இல்லை, அவ்வளவே. சென்டர்பேக்குகள் நிம்மதியாக நிற்பார்கள்.

இப்போது உடைத்துப் பார்க்கலாம். லிவர்பூலின் ரோபர்ட்டோ ஃபிர்மினோ: மூன்றும் பொருந்தும், உள்ளே பாய சாலாவும் மானேவும் இருந்தார்கள். ஆனால் பந்து எதிரணியிடம் போனதும் முன்னால் நின்று நெருக்கும் முதல் ஆள் அவர்தான். பந்து இருக்கும்போது மட்டும் ஃபால்ஸ் நைன் என்று குறித்துக்கொள்வோம். ஹாரி கேன், 2020-21 டாட்டன்ஹாம்: அந்தப் பிரீமியர் லீக் சீசனில் 23 கோல், 14 அசிஸ்ட், இரண்டிலும் முதலிடம். சவுதாம்ப்டனுடன் 5-2 என்று வென்ற ஆட்டத்தில் சன் ஹியுங்-மின் அடித்த நான்கு கோலுக்கும் கேன்தான் கடைசி பாஸ். இறங்குகிறார், ஒருவர் பின்னால் ஓடுகிறார், எல்லாம் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி பந்தைப் பறித்த உடனே நடக்கும் எதிர்த்தாக்குதல். நிலைகொண்ட ஆட்டத்தில் அவர் பெனால்ட்டி பகுதிக்குள் கோலுக்குக் காத்திருக்கும் அசல் 9. இரண்டாம் நிபந்தனை இடிக்கிறது. அவரை ஃபால்ஸ் நைன் என்று நான் சொல்ல மாட்டேன். ‘நிலைகொண்ட ஆட்டம்’ என்ற நிபந்தனையே தேவையில்லை என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்குக் கேன் உள்ளே வருவார். இனிச் சண்டை எதைப் பற்றி என்பதாவது இருவருக்கும் தெரியும்.

2012 யூரோ இறுதியில் இத்தாலியை 4-0 என்று வென்ற ஸ்பெயினின் கதை இன்னொரு கோணம். நடுவில் ஆடியது மிட்ஃபீல்டரான செஸ்க் ஃபாப்ரெகாஸ். சிலர் 4-3-3 என்றார்கள், சிலர் கிண்டலும் வியப்புமாக 4-6-0 என்றார்கள். முதலாமவர் இடத்தை எண்ணினார், இரண்டாமவர் ஆட்களை எண்ணினார். படி 1 மறுபடி வந்துவிட்டது பாருங்கள்.

படி 6: ஆதாரத்தைச் சந்தேகியுங்கள்

சராசரி இட வரைபடம் என்ற ஒன்று ஆட்டம் முடிந்த அரைமணி நேரத்தில் எல்லா இடத்திலும் சுற்றும். ஒவ்வொருவரும் பந்தைத் தொட்ட இடங்களின் சராசரியை ஒரு புள்ளியாகக் காட்டும். முதல் பாதியில் இடது ஓரத்திலும் இரண்டாம் பாதியில் வலது ஓரத்திலும் ஆடிய விங்கரின் புள்ளி மைதானத்தின் நட்டநடுவில் விழும். அவர் ஒரு நிமிடம்கூட அங்கே நின்றிருக்க மாட்டார். மேலும் கீழும் ஓடும் விங்பேக்கின் புள்ளி நடுக்கோட்டின் பக்கத்தில் போய் உட்காரும். அவர் கடந்துபோகும் இடம் அது, நிற்கும் இடம் இல்லை. கட்டம் பிரிக்காத சராசரியை வைத்து ஃபார்மேஷனைப் பேசக் கூடாது.

பிரஸ்ஸிங்கை (பந்து வைத்திருப்பவரை நெருக்கிப் பறிக்க முயல்வதை) அளக்கும் பிபிடிஏ (PPDA) என்ற எண்ணும் அப்படித்தான். எதிரணி தன் பகுதியில் எத்தனை பாஸ் போட விட்டுவிட்டு நாம் ஒரு முறை டேக்கிள், இன்டர்செப்ஷன், ஃபவுல் போல ஏதாவது செய்கிறோம் என்ற விகிதம். எண் குறைந்தால் பிரஸ் கடுமை என்று பொருள். ஆனால் ஒழுங்கில்லாமல் ஓடி ஓடி ஃபவுல் செய்யும் அணிக்கும் எண் குறையும். எத்தனை முறை என்று அது சொல்லும். எப்படி என்று சொல்லாது.

கண்ணால் பார்ப்பதே மேல். அதற்கு ஒரு முறை: ஆட்டம் முழுவதையும் கவனிக்க முயலாமல் சில நொடிகளில் மட்டும் நிறுத்தி, ஆட்களை எண்ணுங்கள். நம் கோல்கிக், எதிரணியின் கோல்கிக், நம் பந்து எதிரணிப் பாதியில் பத்து விநாடிக்கு மேல் நிலைத்திருக்கும் தருணம், எதிரணி நம் பெனால்ட்டி பகுதியை நெருங்கிய தருணம், பந்தை இழந்த உடனே அருகிலிருக்கும் மூவர் எந்தத் திசையில் ஓடுகிறார்கள் என்பது. டிவியில் கடைசி வரிசை பெரும்பாலும் திரைக்கு வெளியே போய்விடும். அகலக் காட்சி வரும்வரை காத்திருங்கள். முதல் 15 நிமிடம் ஒரு முறை, இடைவேளைக்குப் பிறகு ஒரு முறை, யாராவது மாற்றாக இறங்கிய பிறகு ஒரு முறை. ஒரே வடிவத்தில் தொடங்கி முடியும் ஆட்டம் அபூர்வம்.

படி 7: பாராட்டையும் வசவையும் கழித்துவிடுங்கள்

இது சின்னப் படி. கதெனாச்சோ என்பது 1960-களில் ஹெலெனியோ ஹெர்ரேராவின் இன்டர் ஆடிய குறிப்பிட்ட ஓர் அமைப்பு: ஆளுக்கு ஆள் காவல், அவர்களுக்குப் பின்னால் துடைக்க அர்மாண்டோ பிக்கி என்ற லிபெரோ (தனியாக யாரையும் காவல் காக்காத கடைசி ஆள்). இன்று பத்துப்பேர் பின்னால் நிற்கும் எந்த அணியையும் திட்ட அந்தச் சொல் பயன்படுகிறது. குறும்பாஸ்களால் பந்தைத் தன்னிடமே வைத்திருக்கும் பாணியைக் குறிக்கும் டிக்கி-டாக்கா 2006 உலகக் கோப்பையின்போது ஸ்பானிய வர்ணனையாளர் ஆந்த்ரேஸ் மோன்டேஸால் பிரபலமானது. இன்று பாதிப் பேர் அதைப் புகழவும் மீதிப் பேர் பழிக்கவும் சொல்கிறார்கள். கெகன்பிரஸ்ஸிங் என்றால் பந்தை இழந்த மறுநொடியே திரும்பப் பறிக்கப் பாய்வது மட்டும்தான். எதிரணியின் கோல்கிக்கை நெருக்குவது வெறும் பிரஸ். பந்தைப் பறித்து வேகமாக ஏறுவது கவுண்டர் அட்டாக். மூன்றையும் ஒரே சொல்லால் அழைப்பவரிடம் எந்த நொடியைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

ஒரு வாதத்தை முழுதாக நடத்திப் பார்ப்போம்

2018-19. மௌரிசியோ சார்ரி செல்சிக்குப் பயிற்சியாளராக வந்தார், கூடவே மிட்ஃபீல்டர் ஜோர்ஜினியோவும் வந்தார். சார்ரியின் 4-3-3-இல் தடுப்பு வரிசைக்கு முன்னால் ஜோர்ஜினியோ. எங்கோலோ கான்டே அவருக்கு வலதுபக்கம், முன்னேறி ஆடும் இடத்தில். ‘உலகின் தலைசிறந்த டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை அவர் இடத்தை விட்டு நகர்த்திவிட்டார்’ என்று சீசன் முழுக்கக் கூச்சல்.

படி 1: டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் என்பது இங்கே வேலைப்பெயரா, இடப்பெயரா? கான்டேயின் வேலை பந்தைப் பறிப்பது, அதில் ஐயமில்லை. ஆனால் இடம்? 2015-16-இல் லெஸ்டர் பட்டம் வென்றபோது 4-4-2-இன் நடுவில் டேனி டிரிங்க்வாட்டரோடு இருவரில் ஒருவர். 2016-17-இல் செல்சியில் கோன்டேயின் 3-4-3-இல் நெமாஞ்ச மாட்டிச்சோடு இருவரில் ஒருவர். மகலெலே போல வரிசைக்கு முன்னால் தனியாக நின்ற ஆட்டக்காரராக அவர் அந்த இரண்டு பட்டங்களையும் வெல்லவில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்ததால்தான் அவரால் இடத்தை விட்டு ஓடிப்போய்ப் பறிக்க முடிந்தது. ஆகவே அவர் பறிகொடுத்ததாகச் சொல்லப்பட்ட அந்த ‘இடம்’ பெரும்பாலும் ரசிகர்கள் மனத்தில் இருந்த இடம்.

படி 2: பந்து இல்லாதபோது புதிய இடத்தில் அவர் இன்னும் முன்னாலேயே பறிக்கலாம், அது அவருக்குக் கைவந்த கலை. பந்து இருக்கும்போது எதிரணியின் முதுகுப்பக்கம் நின்று பாஸ் வாங்க வேண்டும், பெனால்ட்டி பகுதிக்குள் ஓட வேண்டும். அது அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத வேலை. பந்தை இழந்த நொடியில், தனியாக நிற்கும் ஜோர்ஜினியோவைச் சுற்றி எதிரணி ஓடினால் அடைக்க ஆள் தூரத்தில் இருந்தார்.

இவ்வளவையும் பிரித்து வைத்த பிறகு மிஞ்சும் கேள்வி ஒன்றுதான்: ஜோர்ஜினியோவின் பாஸ்களால் பந்து வசத்தில் கிடைத்த ஒழுங்கு, இழக்கும் நொடிகளில் திறந்த ஓட்டைக்கு ஈடானதா? செல்சி அந்த சீசனில் மூன்றாம் இடம் பிடித்தது, யூரோபா லீக்கை வென்றது, மான்செஸ்டர் சிட்டியிடம் 6-0 என்று தோற்கவும் செய்தது. ஈடானது என்பவருக்கும் இல்லை என்பவருக்கும் இதிலேயே போதுமான சரக்கு இருக்கிறது. என் ஓட்டு ‘ஈடானது’ பக்கம், ஆனால் சிட்டியுடனான அந்த ஆட்டத்தை யாராவது எடுத்துப் போட்டால் கொஞ்சம் திணறுவேன்.